கடையில் குடிக்கும் ஐஸ் பெர்ரி பானம் வீட்டில் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

தாகசாந்தி:

காபி கடைகளில் காபி பிடிக்காதவர்களுக்கென்று ஒன்று வைத்திருப்பார்களே, கண்ணாடி போலத் தெளிவாக, சிவப்புக்கும் ரோஸுக்கும் நடுவில் ஒரு நிறத்தில், ஐஸ் நிறையப் போட்டு, மேலே இரண்டு ஸ்ட்ராபெர்ரி துண்டு மிதக்கவிட்டு, அதை வீட்டில் செய்துவிடலாம் என்று ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய வித்தையா என்ன, பழம், சர்க்கரை, தண்ணீர், ஐஸ், அவ்வளவுதானே என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் நாள் ஸ்ட்ராபெர்ரியைச் சர்க்கரையும் தண்ணீரும் விட்டு மிக்சியில் ஓட்டினேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை, அடியில் திப்பி, நடுவில் நிறமே இல்லாத ஏதோ ஒன்று. இரண்டாம் நாள் வடிகட்டினேன். முதல் வாய் பரவாயில்லை, பத்து நிமிடத்தில் ஐஸ் உருகி, பழம் கழுவிய தண்ணீர் போல ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ரோஸ் நிறத்தில் பால் கலந்து தருவார்களே, அப்படி ஆகட்டும் என்று பால் ஊற்றினேன். கண்ணெதிரே திரிந்தது. நிறமும் ரோஸ் இல்லை, சாம்பல்.

சர்க்கரையைக் கூட்டினால் தித்திப்புதான் கூடுகிறது, பழச்சுவை கூடவில்லை. கடையில் குடித்தால் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று ஒன்று பிடிக்குமே, அது வரவே மாட்டேன் என்கிறது. எங்கே கோட்டை விடுகிறேன்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எசன்ஸ் ஊற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.


பழரசப்பித்தன்:

இரண்டு வருடம் ஒரு காபி கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே யாரும் பழத்தை அரைப்பதில்லை. பெட்டியில் கெட்டியான சாறு வரும். டம்ளரில் போட்டிருக்கும் கோடு வரை அதை ஊற்றுவோம், அடுத்த கோடு வரை தண்ணீர், மேலே ஐஸ், குலுக்கி ஊற்றினால் முடிந்தது. நீங்கள் ரசித்துக் குடித்த அந்தச் "சுள்"ளுக்குக் காரணம் ஸ்ட்ராபெர்ரி கிடையாது. சிட்ரிக் ஆசிட்.

ஸ்டார்பக்ஸ் 2012ல் ரெஃப்ரெஷர்ஸ் என்ற பெயரில் இந்த வகையை இறக்கியது. அவர்களுடைய ஸ்ட்ராபெர்ரி அசாயி (அசாயி என்பது தென்னமெரிக்கப் பனை வகை ஒன்றின் பழம்) பானத்தில் என்னென்ன சேர்கிறது என்ற பட்டியலைப் படித்தால் தண்ணீர், சர்க்கரை, கெட்டியாக்கிய வெள்ளைத் திராட்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், நிறத்துக்குக் காய்கனிச் சாறு என்று போகும். அதாவது உடம்பு திராட்சை, முகம் மட்டும் ஸ்ட்ராபெர்ரி. இது தெரியாமல் வெறும் ஸ்ட்ராபெர்ரியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் போராடினாலும் அந்தச் சுவை வராது, ஏனென்றால் ஸ்ட்ராபெர்ரியில் 90 சதவீதம் தண்ணீர்தான். அதில் இன்னும் தண்ணீர் ஊற்றி, ஐஸும் போட்டால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

நான் வீட்டில் செய்வது இப்படி. ஃப்ரீசரில் உறைந்த ஸ்ட்ராபெர்ரி 300 கிராம், சர்க்கரை 100 கிராம். உறைந்த பழம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், இந்த வேலைக்கு அதுதான் உசத்தி. உறையும்போது உள்ளே ஐஸ் ஊசிகள் உருவாகிப் பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடும், அதனால் உருகும்போது சாறு தானாகக் கொட்டும். பழத்தையும் சர்க்கரையையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுப் பிரட்டி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அடுப்பே வேண்டாம். காலையில் பார்த்தால் துண்டுகள் சுருங்கிக் கிடக்கும், சுற்றிலும் மாணிக்கச் சிவப்பில் பாகு நிற்கும். வடிகட்டியில் கொட்டி அதுபாட்டுக்கு இறங்கவிடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினீர்களோ, திப்பி இறங்கிக் கலங்கிவிடும். எனக்கு 200 மி.லி. அளவுக்குக் கிடைக்கும், பழத்தைப் பொறுத்துக் கூடும் குறையும்.

ஒரு டம்ளருக்கு இந்தப் பாகு 45 மி.லி., வெள்ளைத் திராட்சைச் சாறு 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., தண்ணீர் 120 மி.லி. மூடி போட்ட பாட்டிலில் ஐஸோடு போட்டுப் பத்துத் தடவை கடகடவென்று குலுக்கி ஊற்றுங்கள். எலுமிச்சையின் வாசம் முன்னால் வந்து நிற்கிறது என்றால் அதற்குப் பதில் சிட்ரிக் ஆசிட் முக்கால் கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்கும் குறைவு. கை தவறிக் கூடப் போட்டால் பல் கூசும், நான் கூசியிருக்கிறேன்.


அரைக்கரண்டி:

பித்தன் அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் முரண்படுகிறேன். அடுப்பே வேண்டாம் என்பது ஸ்ட்ராபெர்ரிக்குச் சரி, சூடு பட்டால் பச்சைப்பழ வாசம் ஓடிப்போய் ஜாம் வாசம் வந்துவிடும், நிறமும் பழுப்பு அடிக்கும். ஆனால் பெர்ரி என்றால் ஸ்ட்ராபெர்ரி மட்டும்தானா? ப்ளூபெர்ரியை இப்படிச் சர்க்கரையில் ஊறவைத்துப் பாருங்கள், காலையில் ஏதோ வெளிறிய ஒன்றுதான் கிடைக்கும். அதன் நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது, உள்ளே சதை வெளிறிய பச்சை. தோலை வெடிக்கவிட்டால்தான் நிறம் இறங்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம், ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று வெடிப்பது காதில் கேட்கும், அப்போது இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்தால் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் இறங்கி ஆறியதும் கொழகொழவென்று ஆகிவிடும், ரொட்டியில் தடவலாம், குடிக்க முடியாது.

ராஸ்பெர்ரி இரண்டுக்கும் நடுவில். ஊறவைத்தாலே நொறுங்கிவிடும், புளிப்பும் சொந்தமாக இருக்கும், விதைதான் தொல்லை. சாதாரண வடிகட்டி போதாது, மெல்லிய துணி வேண்டும். என்னைக் கேட்டால் ஸ்ட்ராபெர்ரி இரண்டு பங்கு, ராஸ்பெர்ரி ஒரு பங்கு. ஸ்ட்ராபெர்ரி தனியாக இருந்தால் தூங்கிவிடும், ராஸ்பெர்ரி எழுப்பிவிடும்.

இன்னொன்று, ஊறிய பிறகு மிஞ்சும் பழத்துண்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். தயிரில் போட்டால் அதுவே தனி விருந்து.


ஐஸ்பெட்டி:

எல்லாரும் பழத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், டம்ளரில் பாதி ஐஸ்தான், அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

தாகசாந்தி, உங்கள் பானம் பத்து நிமிடத்தில் நீர்த்துப்போனதற்குக் காரணம் நீங்கள் ஊற்றிய தண்ணீர் அறைச் சூட்டில் இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க 4.2 ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூலை உறிஞ்சும். 240 மி.லி. பானம் 28 டிகிரியில் இருக்கிறது, அதை 2 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், உருகத் தயாராக ஈரமாக இருக்கும் ஐஸில் 75 கிராம் கரைந்தே ஆக வேண்டும். அதாவது நீங்கள் ஒரு வாய் குடிப்பதற்கு முன்பே பானத்தின் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதே பானம் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிர்ந்து வந்திருந்தால் உருகுவது 10 கிராமுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே பாகு, திராட்சைச் சாறு, தண்ணீர் எல்லாமே முன்கூட்டி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். முடிந்தால் டம்ளரும். ஐஸை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே போடுங்கள், எடுத்து வைத்துவிட்டு எலுமிச்சை பிழியப் போனால் அது வேர்த்து நிற்கும், அந்த வேர்வையும் தண்ணீர்தான். கட்டி பெரிதாக இருந்தால் நல்லது, பொடி ஐஸ் என்றால் பரப்பு அதிகம், சட்டென்று உருகும். ஐஸ் குறைவாகப் போட்டால் நீர்த்துப்போகாது என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. குறைவாகப் போட்டால் இருப்பது முழுவதும் உருகிவிடும், பானத்தின் குளிர்ச்சியும் போய்விடும். டம்ளர் நிறையப் போடுங்கள்.

குளிர்ந்த பானத்தில் நாக்குக்குத் தித்திப்பு குறைவாகவே தெரியும். அதனால் சூடாக இருக்கும்போது ருசி பார்த்துச் சர்க்கரை போதும் என்று முடிவு செய்யாதீர்கள். ஐஸோடு குலுக்கிய பிறகு பாருங்கள்.


பழரசப்பித்தன்:

ஐஸ்பெட்டி சொன்னது அத்தனையும் உண்மை. கடையில் ஐஸ் போடுவதில் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை, அதற்கு வேறு காரணமும் உண்டு என்று வையுங்கள்.

குலுக்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குப் பதில் சோடா ஊற்றுபவர்கள் சோடாவைக் கடைசியாக டம்ளரில் ஊற்றிக் கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் போதும். நான் ஒருமுறை ஞாபகமறதியாக மூடிய பாட்டிலில் சோடாவோடு குலுக்கிவிட்டேன். மூடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேல்கூரையில் ரோஸ் நிறப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.


ஊதாப்பூ:

பால் திரிந்த விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் புளிப்பு ஏறி பிஎச் (புளிப்பின் அளவுகோல், புளிப்பு கூடக் கூட எண் குறையும்) 4.6 பக்கம் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பெர்ரியும் எலுமிச்சையும் அதற்குக் கீழே இருப்பவை. திரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடையில் அந்த ரோஸ் பானத்துக்கு ஊற்றுவது மாட்டுப்பால் அல்ல, தேங்காய்ப்பால். ஸ்ட்ராபெர்ரி அசாயியில் தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் கேட்டு வாங்கிக் குடிப்பது 2016ல் சமூக ஊடகங்களில் பரவி, மறுவருடம் பிங்க் ட்ரிங்க் என்று மெனுவிலேயே ஏறிவிட்டது. ஆனால் டப்பாவில் வரும் கெட்டித் தேங்காய்ப்பாலை அப்படியே ஊற்றினால் வேறு சிக்கல் வரும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஐஸ் பட்டதும் மெழுகுத் துணுக்குப் போல வெள்ளை வெள்ளையாக மிதக்கும், வாயில் வழவழவென்று ஒட்டும். குடிப்பதற்கென்றே நீர்க்க வரும் தேங்காய்ப்பால் நல்லது. அது இல்லையென்றால் கெட்டிப்பால் ஒரு பங்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மூன்று பங்கு விட்டு மிக்சியில் ஓட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, மேலே கட்டும் ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள். கொஞ்சம் பிரிந்தது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு கலக்குக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும்.

நிறம் சாம்பலானதும் இதே புளிப்பு விவகாரம்தான். பெர்ரிக்குச் சிவப்பு தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பு இருக்கும்வரை சிவப்பாக நிற்கும், புளிப்பு குறையக் குறைய ஊதாவுக்கும் நீலத்துக்கும் சாயும். பால் ஊற்றும்போது புளிப்பு தணிந்துவிடுகிறது, மேலே வெள்ளையும் கலக்கிறது, சாம்பல் ஆகாமல் என்ன செய்யும். ப்ளூபெர்ரியில் இது இன்னும் மோசம், பால் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நிறம் தூக்கலாக வேண்டும் என்றால் உலர்ந்த ஹைபிஸ்கஸ் ஒரு டீஸ்பூன், 150 மி.லி. வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, குளிரவைத்து, தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றுங்கள். அடர்சிவப்பு, கூடவே புளிப்பும் கிடைக்கும், எலுமிச்சை பாதி போதும். இங்கே ஹைபிஸ்கஸ் என்றால் வேலியோரம் பூக்கும் செம்பருத்தி இதழ் அல்ல. ரோசெல் என்ற செடியில் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்புப் புல்லி இதழ். செம்பருத்தியைப் போட்டுவிட்டுப் புளிக்கவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.


அரைக்கரண்டி:

ஊதாப்பூ அக்கா, காபி கடைப் பானம் என்கிறோம், அதில் காபி எங்கே? குடித்தால் கொஞ்சம் தெம்பு வருகிறதே, அது சர்க்கரையா?


ஊதாப்பூ:

சர்க்கரையும்தான். ஆனால் ரெஃப்ரெஷர்ஸில் பச்சைக் காபிக்கொட்டைச் சாறு சேர்க்கிறார்கள். காபியின் மணமும் கசப்பும் வறுக்கும்போது வருபவை, வறுக்காத கொட்டையிலிருந்து எடுத்தால் தெம்பு தரும் கஃபீன் இருக்கும், காபி வாசம் இருக்காது. 473 மி.லி. டம்ளரில் ஏறத்தாழ 45 முதல் 55 மில்லிகிராம் கஃபீன். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் பச்சைக் கொட்டையை வாங்கிக் கொதிக்கவைக்காதீர்கள், நான் செய்து பார்த்தேன், ஈரப்புல்லை மென்றது போல இருந்தது. கஃபீன் வேண்டும் என்றால் கிரீன் டீயை 80 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்துக் குளிரவைத்து ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் துவர்ப்பு ஏறி ஸ்ட்ராபெர்ரியை அமுக்கிவிடும். குழந்தைகளுக்குக் கொடுப்பதென்றால் இரண்டும் வேண்டாம், வெறும் தண்ணீர்.


தாகசாந்தி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஊறவைத்து இன்று செய்தேன். முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம், பொறுமையில்லாமல் வடிகட்டியில் கரண்டியை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டேன், லேசாகக் கலங்கிவிட்டது. மற்றபடி நிறம் அப்படியே கடை நிறம்.

வெள்ளைத் திராட்சைச் சாறு கிடைக்கவில்லை, ஆப்பிள் சாறு ஊற்றினேன். குற்றம் சொல்ல முடியாது, ஆனால் குடித்து முடித்தபின் ஆப்பிள் மட்டும் நாக்கில் தங்குகிறது. எல்லாவற்றையும் குளிரவைத்துச் செய்ததில் அரைமணி நேரம் கழித்தும் பழச்சுவை அப்படியே இருந்தது, ஐஸ்பெட்டிக்கு ஒரு கும்பிடு. அந்தச் "சுள்" முதல் டம்ளரில் வரவில்லை, எலுமிச்சை 5 மி.லி. கூட்டியதும் வந்துவிட்டது. இத்தனை நாள் இது புரியாமல் சர்க்கரையைப் போட்டுப் போட்டுத் தீர்த்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். மிச்சப் பாகு எத்தனை நாள் தாங்கும்? மேலே மிதக்கவிடும் துண்டுகளுக்கு நான் பச்சைப் பழத்தை நறுக்கிப் போட்டேன், கடையில் வருவது வேறு மாதிரி இருக்குமே, முதலில் மொறுமொறுவென்று இருந்து அப்புறம் ஊறிப்போகுமே, அது என்ன?


பழரசப்பித்தன்:

அது உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரி. பழத்தை உறையவைத்து, காற்றழுத்தத்தை இறக்கி, உள்ளே இருக்கும் ஐஸை உருகவிடாமல் நேரே ஆவியாகப் போக்கிவிடுவார்கள். அதனால் வடிவமும் நிறமும் அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது. வெயிலில் காயவைத்த பழம் தோல் மாதிரி இழுக்கும், இது அப்பளம் போல உடையும். ஒரு பாக்கெட் வாங்கினால் நாலைந்து துண்டுகளைப் பொடித்து ஒரு டீஸ்பூன் பொடியைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேராமல் பழச்சுவை மட்டும் ஏறும். நீங்கள் தேடிய எசன்ஸ் இல்லாத எசன்ஸ் அதுதான். மீதியை ஈரக்கை படாமல் இறுக்கமாக மூடி வையுங்கள், ஒரு நாள் திறந்து கிடந்தால் நமத்துவிடும்.

பாகு அடுப்பில் ஏறாதது, அதனால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மூடியைத் திறக்கும்போது புஸ் என்று சத்தம் வந்தாலோ நுரை கட்டியிருந்தாலோ புளித்துவிட்டது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதற்குமேல் வேண்டும் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். சர்க்கரை அதிகம் என்பதால் கல் மாதிரி உறையாது, கரண்டியால் நெம்பினால் வந்துவிடும்.


ஐஸ்பெட்டி:

அப்படி உறைந்த பாகுக்கட்டியை ஐஸுக்குப் பதிலாகவே போடலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பாதி பாதி வேண்டுமானால் சரி. முழுவதும் போட்டால் முதலில் வெறும் தண்ணீர், கடைசியில் வெறும் பாகு.


அரைக்கரண்டி:

தாகசாந்தி, ஊறின பழத்துண்டுகளை என்ன செய்தீர்கள்? தயிரில் போட்டுப் பார்த்தீர்களா?


தாகசாந்தி:

தயிர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் கிண்ணம் காலி. வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், யாரைக் கேட்டாலும் நான் இல்லை என்கிறார்கள். சின்னவன் உதடு மட்டும் சிவப்பாக இருந்தது.